பேக்எண்ட் சேவைகள் ஒத்துப்போகாதபோது: புதியவர்களுக்கான செய்முறை வழிகாட்டி

தனித்தனியாக இயக்கிப் பார்த்தால் குறையின்றி வேலை செய்யும் இரண்டு சேவைகள், ஒன்றையொன்று அழைக்கத் தொடங்கியதும் தடுமாறுவது பேக்எண்ட் வேலையில் அடிக்கடி நேர்வது. ஆர்டர் சேவையின் சோதனைகள் அனைத்தும் தேறியிருக்கும். பில்லிங் சேவையின் சோதனைகளும் தேறியிருக்கும். ஆனாலும் ஆர்டர் பதிவானால் பில் உருவாகாது. இத்தகைய கோளாறுகளில் பிழை பெரும்பாலும் எந்த ஒரு சேவையின் உள்ளேயும் இருப்பதில்லை. ஒரு சேவை அனுப்புவதாக நம்புவதற்கும் மற்றது எதிர்பார்ப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடே பிழையாக வெளிப்படுகிறது. ஆகவே இரு பக்க நிரலையும் திறந்து வைத்துக்கொண்டு ஊகிப்பதைவிட, நெட்வொர்க்கில் உண்மையில் எந்த பைட்டுகள் போய் வந்தன என்பதை முதலில் பார்ப்பதே விரைவான வழி. ஆவணம் சொல்வது நோக்கம்; நிரல் சொல்வது முயற்சி; போய்ச் சேர்ந்த பைட்டுகள் மட்டுமே நடந்ததைச் சொல்கின்றன. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரு கொள்கையை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

படி 1: எந்த அடுக்கில் உடைகிறது என்று கண்டறியுங்கள்

ஒரு சேவை மற்றொன்றை அழைக்கும்போது பெயரைத் தேடி முகவரி பெறுதல், இணைப்பு ஏற்படுத்துதல், டிஎல்எஸ் குறியாக்கத்தை ஒப்புக்கொள்ளுதல், எச்டிடிபி கோரிக்கையை அனுப்புதல், உள்ளடக்கத்தைப் படித்தல், படித்ததற்குப் பொருள் கொள்ளுதல் என்று வரிசையாகப் பல நிலைகள் உள்ளன. முந்தைய நிலை தேறாமல் அடுத்த நிலைக்குப் போக முடியாது என்பதால், எதுவரை போயிற்று என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

நிலைக்குறியீடு (சர்வர் தன் பதிலோடு அனுப்பும் மூன்று இலக்க எண்) ஒன்று திரும்பி வந்தாலே, முதல் மூன்று நிலைகளையும் ஏதோ ஒரு சர்வர் வரையிலாவது கடந்துவிட்டீர்கள் என்று பொருள். "ஏதோ ஒரு சர்வர்" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பதில் சொன்னது நீங்கள் அழைத்த சேவையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோரிக்கையை வாங்கிச் சேவைக்குக் கடத்த நடுவில் நிற்கும் ப்ராக்ஸியாகவோ கேட்வேயாகவோ இருக்கலாம். 502 வந்தால், நடுவில் உள்ள ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் சேவையிடமிருந்து முறையான பதில் கிடைக்கவில்லை. 504 வந்தால், அந்தப் பதிலுக்குக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது. 401 என்பது நீங்கள் யார் என்பதே நிறுவப்படவில்லை என்பதையும், 403 என்பது யாரென்று தெரிந்தும் அனுமதி இல்லை என்பதையும் குறிக்கும். 415 வந்தால் நீங்கள் அனுப்பிய உள்ளடக்க வகையைச் சேவை ஏற்கவில்லை; 406 வந்தால் நீங்கள் கேட்கும் வகையில் அதனால் பதில் தர இயலவில்லை.

ஜேசன் என்ற தகவல் பரிமாற்ற வடிவத்தைப் படிக்கும் லைப்ரரி முதல் எழுத்திலேயே "<" குறியைக் கண்டு பிழை தருவது, புதியவர்களை மிகவும் குழப்பும் அறிகுறி. இது ஜேசன் வடிவச் சிக்கல் அன்று. ஜேசன் வர வேண்டிய இடத்தில் எச்டிஎம்எல் பக்கம் ஒன்று வந்திருக்கிறது: ப்ராக்ஸியின் பிழைப் பக்கமாகவோ உள்நுழைவுப் பக்கமாகவோ இருக்கும். நிலைக்குறியீட்டையும் பதிலின் தலைப்பில் உள்ளடக்க வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெட்டரையும் சரிபார்த்த பிறகே உள்ளடக்கத்தைப் பகுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

படி 2: உண்மையான கோரிக்கையைக் கைப்பற்றுங்கள்

தோல்வியுறும் கோரிக்கை ஒன்றை அதன் முகவரி, முறை, எல்லா ஹெட்டர்கள், உள்ளடக்கம் ஆகியவற்றோடு முழுமையாகப் பதிவு செய்யுங்கள். கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியை விரிவான வெளியீட்டு விருப்பத்தோடு இயக்கினால் டிஎல்எஸ் கைகுலுக்கல் தொடங்கி ஹெட்டர்கள் வரை அனைத்தையும் காட்டும். ஆனால் உங்கள் மடிக்கணினியிலிருந்து கர்ல் வெற்றி பெற்றது என்பதால் சேவை சரியாக உள்ளது என்று முடிவு கட்டக் கூடாது. அழைக்கும் சேவை எந்தக் கன்டெய்னரில் ஓடுகிறதோ அதே கன்டெய்னருக்குள்ளிருந்து அதே கோரிக்கையை அனுப்ப வேண்டும், ஏனென்றால் முகவரித் தேடல், நம்பகச் சான்றிதழ்களின் பட்டியல், வெளிச்செல்லும் ப்ராக்ஸி ஆகிய மூன்றுமே இரண்டு இடங்களிலும் வேறுபடலாம்.

நிரலில் உள்ள லைப்ரரி, நீங்கள் எழுதாத ஹெட்டர்களைத் தானாகச் சேர்க்கும், சிலவற்றை மாற்றும். அதைக் காண, அழைக்கும் சேவைக்கும் அழைக்கப்படும் சேவைக்கும் நடுவே சோதனைச் சூழலில் போய் வருவதைக் காட்டும் மிட்எம்ப்ராக்ஸி போன்ற கருவியை வைக்கலாம். குறியாக்கம் இல்லாத உள் இணைப்பாக இருந்தால் டிசிபிடம்ப் கொண்டு பதிவு செய்து வயர்ஷார்க்கில் திறந்து பார்க்கலாம். கைப்பற்றிய பதிவுகளில் கடவுச்சாவிகளும் பயனர் விவரங்களும் இருக்கும் என்பதால், அவற்றை நீக்கிவிட்ட பிறகே மற்றவர்களோடு பகிருங்கள்.

வெற்றி பெறும் கோரிக்கை ஒன்றும் கையில் இருந்தால் வேலை மிகவும் எளிதாகும். தோற்றதையும் வென்றதையும் அருகருகே வைத்து, வென்ற கோரிக்கையை ஒவ்வொரு வேறுபாடாகத் தோற்றதைப் போல மாற்றிப் பாருங்கள். எந்த மாற்றத்தில் உடைகிறதோ அதுவே நீங்கள் தேடிய இடம். அவசரத்தில் இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால், எது காரணம் என்பது தெரியாமலேயே போய்விடும்.

உலாவியில் மட்டும் தோற்று, கர்லிலும் சேவைகளுக்கிடையிலும் வெற்றி பெறும் கோரிக்கை என்றால் அது பெரும்பாலும் கோர்ஸ் அனுமதி (ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்தின் சேவையை அழைக்க உலாவி கேட்கும் அனுமதி) தொடர்பானது. அந்தத் தடையை விதிப்பது உலாவி; சர்வரிலிருந்து சர்வருக்குப் போகும் அழைப்பில் அது குறுக்கிடுவதே இல்லை.

படி 3: இணைப்பும் சான்றிதழும்

டிஎல்எஸ் நிலையில் வரும் பொருத்தமின்மை இரண்டு வகையில் தலைகாட்டும். முதலாவது பதிப்பு. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப், 2021 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 8996 என்ற ஆவணம் வழியாக டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகிய இரண்டையும் கைவிட்டது. பழைய இயங்கு சூழலில் ஓடும் சேவை ஒன்று 1.2-க்குக் குறைந்த பதிப்பை மட்டுமே பேசினால், புதிய சர்வர் அதைக் கைகுலுக்கலிலேயே மறுத்துவிடும். தீர்வு பழைய பக்கத்தைப் புதுப்பிப்பதே. புதிய சர்வரில் பழைய பதிப்பைத் திறந்துவிடுவது அன்று.

இரண்டாவது சான்றிதழ்ச் சங்கிலி. சர்வர் தன் சான்றிதழோடு, அதை நம்பிக்கைக்கு அடிப்படையான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழையும் அனுப்ப வேண்டும். அதை விட்டுவிட்டாலும் உலாவிகள் பல நேரங்களில் தாமே சமாளித்துக்கொள்ளும், ஆனால் சேவைகள் பயன்படுத்தும் லைப்ரரிகள் மறுத்துவிடும். "உலாவியில் திறக்கிறதே" என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மூலச் சான்றிதழ்கள் காலாவதியாவதும் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு வழங்கிய சான்றிதழ் கொண்ட தளங்களை அழைத்த, பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 லைப்ரரியைப் பயன்படுத்தும் நிரல்கள் திடீரென்று தோற்றன. புதிய மூலச் சான்றிதழ் அவற்றிடம் இருந்தும், காலாவதியானதை நோக்கிச் சென்ற சங்கிலியையே அவை பின்பற்றியதுதான் காரணம். இரு பக்கமும் ஒரு வரி நிரல்கூட மாறாத நாளிலும் இணைப்பு முறியலாம் என்பதற்கு இந்த நிகழ்வு போதிய சான்று.

எது எப்படியிருந்தாலும், சான்றிதழ்ச் சரிபார்ப்பை அணைத்துவிட்டு வேலையை முடிக்காதீர்கள். அது தற்காலிகம் என்று எழுதப்பட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே தங்கிவிடும் மாற்றம். அந்த வழியாகப் போகும் ஒவ்வொரு தகவலும் அதனால் ஆபத்துக்கு உள்ளாகும்.

படி 4: எச்டிடிபி நிலையில் பார்க்க வேண்டியவை

ஹெட்டர்களின் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டல்ல என்பது தரநிலை. எச்டிடிபி 2-இல் எல்லாப் பெயர்களும் சிறிய எழுத்திலேயே போக வேண்டும். ஆகவே ஹெட்டரின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல், நேற்றுவரை வேலை செய்து, நடுவில் உள்ள ப்ராக்ஸி எச்டிடிபி 2-க்கு மாறிய அன்று நின்றுபோகும். அடிக்கோடு கொண்ட ஹெட்டர்ப் பெயர்கள் இன்னொரு பொறி: ப்ராக்ஸியாகப் பெரிதும் பயன்படும் என்ஜின்எக்ஸ் சர்வர் தன் இயல்பான அமைப்பில் அவற்றைச் சத்தமின்றி விட்டுவிடும். அனுப்பியவர் அனுப்பினேன் என்பார், பெற்றவர் வரவில்லை என்பார், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். புதிய ஹெட்டர்களுக்கு இடைக்கோட்டையே பயன்படுத்துங்கள்.

நேரடியாக அழைத்தால் வெற்றி, ப்ராக்ஸி வழியாக அழைத்தால் தோல்வி என்றால் ப்ராக்ஸியின் இயல்பான வரம்புகளைப் பாருங்கள். என்ஜின்எக்ஸில் கோரிக்கை உள்ளடக்கத்தின் இயல்பு வரம்பு 1 மெகாபைட். மீறினால் 413 வரும். பின்னால் உள்ள சேவையிடமிருந்து பதிலை எதிர்பார்த்து அது காத்திருக்கும் இயல்பு நேரம் 60 விநாடி. மீறினால் 504 வரும். இந்த இரண்டு எண்களும் நினைவில் இருந்தால், "சிறிய கோப்பு போகிறது, பெரியது போகவில்லை" என்ற புகாரைக் கேட்டதுமே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

திசைமாற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அழைக்கும் சேவை ஒரு முகவரிக்குப் போஸ்ட் கோரிக்கை (தகவலைப் பதிய அனுப்பும் வகை) அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முகவரியின் கடைசியில் சாய்கோடு விடுபட்டிருக்கிறது. அழைக்கப்படும் சேவையின் கட்டமைப்பு, சாய்கோட்டுடன் கூடிய முகவரிக்கு 301 கொண்டு திசைமாற்றுகிறது. பெரும்பாலான லைப்ரரிகள் அதைப் பின்தொடரும்போது போஸ்டை, தகவலைப் படிக்க மட்டும் கேட்கும் கெட் ஆக மாற்றி, உள்ளடக்கத்தையும் உதறிவிடும். விளைவாக, இந்த முறை ஏற்கப்படாது என்று சொல்லும் 405 வந்தால் நல்லது, ஏதோ பிழை என்றாவது தெரியும். அதே முகவரி கெட் கோரிக்கைக்கு ஆர்டர்களின் பட்டியலைத் தருவதாக இருந்தால், 200 என்ற வெற்றிக் குறியீடு வந்துவிடும், ஆர்டரோ பதிவாகியிருக்காது. முறையையும் உள்ளடக்கத்தையும் காக்க வேண்டிய திசைமாற்றத்துக்கு 307 அல்லது 308 பயன்படுத்த வேண்டும். அதைவிட நல்லது, சேவைகளுக்கிடையே திசைமாற்றத்தைப் பின்தொடரும் வசதியையே அணைத்துவிட்டு, வந்தால் பிழையாகக் கருதுவது. வேறு ஹோஸ்டுக்குத் திசைமாறும்போது அங்கீகார ஹெட்டரைப் பல லைப்ரரிகள் பாதுகாப்புக் கருதி நீக்கிவிடும் என்பதால், காரணம் தெரியாத 401-களுக்கும் இது விளக்கமாக அமைவதுண்டு.

அங்கீகாரம் பற்றி இன்னும் ஒன்று. ஒரு சர்வரின் கடிகாரம் சில விநாடிகள் முந்தி ஓடினால், அது வழங்கிய டோக்கன் (அழைப்பவர் யார் என்று காட்டும் சீட்டு) மற்றொரு சர்வருக்கு "இன்னும் செல்லுபடியாகத் தொடங்காதது" போலத் தெரியும். 401 சில நேரம் வந்து சில நேரம் மறைந்தால் இரு பக்கக் கடிகாரங்களையும் ஒப்பிடுங்கள்.

படி 5: உள்ளடக்கத்தைப் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள்

பொருத்தமின்மையின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இரு பக்கமும் ஜேசன் பேசுகின்றன என்பதால் ஒரே மொழி பேசுகின்றன என்று எண்ணிவிடக் கூடாது. ஜேசன் வடிவத்தை மட்டுமே வரையறுக்கிறது, எண்ணின் துல்லியத்தையோ தேதியின் பொருளையோ அது வரையறுப்பதில்லை.

முதலில் எண்கள். ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான எண் வகை, 9007199254740991 வரையுள்ள முழு எண்களை மட்டுமே பிழையின்றி வேறுபடுத்தும். ஜாவாவில் எழுதிய ஆர்டர் சேவை 9007199254740993 என்ற அடையாள எண்ணை அனுப்பினால், ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் இயக்கும் நோட்.ஜேஎஸ் சேவை அதை 9007199254740992 என்று படித்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. வேறு யாருடைய ஆர்டரோ திறக்கும், அல்லது 404 வரும். ட்விட்டர் 2010-இல் தன் பதிவு எண்கள் பெரிதாகப் போவதை ஒட்டி, அதே எண்ணைச் சரமாகவும் ஒரு தனிப் புலத்தில் அனுப்பத் தொடங்கியது இதற்காகத்தான். புரோட்டோபஃப் என்ற பைனரி வடிவத் தகவலை ஜேசனாக மாற்றும் விதியும் 64 பிட் முழு எண்களைச் சரமாகவே எழுதுகிறது. அடையாள எண்களைக் கூட்டுவதோ கழிப்பதோ இல்லை. ஆகவே அவற்றைத் தொடக்கத்திலிருந்தே சரமாக வைத்துக்கொள்ளுங்கள். பணத் தொகையைத் தசமப் புள்ளி எண்ணாக அனுப்பினால் 0.1-உம் 0.2-உம் சேர்ந்து 0.30000000000000004 ஆகும் சிக்கல் வரும். நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவோ, சரமாகவோ அனுப்புவதே முறை.

அடுத்து நேரம். 1700000000 என்ற எண் விநாடிக் கணக்கில் 2023 நவம்பர் 14-ஐக் குறிக்கும். பெறும் சேவை அதை மில்லிவிநாடி என்று கொண்டால் 1970 ஜனவரி 20 என்று படிக்கும். ஆகவே தரவுத்தளத்தில் 1970 ஜனவரித் தேதிகள் கூட்டமாகத் தென்பட்டால் விநாடியும் மில்லிவிநாடியும் மாறிப்போயின என்று கொள்ளலாம். 55,000-ஐத் தாண்டிய ஆண்டுகள் தென்பட்டால் அதே தவறு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. இன்றைய தேதிகளுக்கு விநாடி என்றால் 10 இலக்கம், மில்லிவிநாடி என்றால் 13 இலக்கம் இருக்கும். எழுத்து வடிவில் தேதி அனுப்புவதாக இருந்தால் ஆர்எஃப்சி 3339 வடிவத்தை நேர மண்டலத்தோடு அனுப்புங்கள். 03/04/2024 போன்ற வடிவம் மார்ச்சா ஏப்ரலா என்பது படிப்பவரின் ஊகத்தைப் பொறுத்தது. நேர மண்டலத்தில் வரும் கூட்டல் குறிக்கும் ஒரு தனித் தொல்லை உண்டு. +02:00 என்று முடியும் நேரத்தை முகவரியின் வினவல் பகுதியில் அப்படியே வைத்தால், பெறும் பக்கத்தில் பெரும்பாலான கட்டமைப்புகள் கூட்டல் குறியை இடைவெளியாகப் படித்துவிடும். சதவீதக் குறியாக்கம் செய்தோ, எப்போதும் யூடிசி நேரத்தையே அனுப்பியோ இதைத் தவிர்க்கலாம்.

எழுத்துகளுக்கு வருவோம். சேவைகளுக்கிடையே பரிமாறும் ஜேசன் யூடிஎஃப்-8-இல் இருக்க வேண்டும் என்று 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8259 கட்டாயப்படுத்துகிறது. ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்துச் சோதித்தால் இங்குள்ள பிழைகள் கண்ணில் படவே படா. "வணக்கம்" என்ற சொல்லில் 7 யூனிகோட் குறிகள் உள்ளன. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் மொத்தம் 21 பைட். இந்தச் சொல்லை மட்டும் உள்ளடக்கமாக அனுப்பும் நிரல், சரத்தின் நீளமான 7-ஐ கன்டென்ட்-லெங்த் ஹெட்டரில் எழுதிவிட்டால், பெறும் பக்கம் முதல் 7 பைட்டை மட்டுமே படிக்கும்: "வண" முழுதாக வரும், அடுத்த எழுத்தின் ஒரே ஒரு பைட் சிதைந்து வரும். அந்த ஹெட்டர் எண்ணுவது பைட்டுகளை.

தமிழுக்கே உரிய இன்னொரு நுட்பம், பெயர்களைச் சேமிக்கும் எந்தச் சேவையையும் தாக்கக்கூடியது. "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்று 6 பைட், மற்றொன்று 9 பைட். ஒரு சேவை ஒரு வடிவிலும் மற்றது இன்னொரு வடிவிலும் சேமித்திருந்தால், அதே பெயரைத் தேடும்போது "இல்லை" என்ற பதில் வரும். உள்ளே வரும் எல்லா உரையையும் வாசலிலேயே பிரிந்த குறிகளை ஒரே குறியாக இணைக்கும் யூனிகோட் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுவது இதற்கான மருந்து.

ஆனால் கையொப்பம் இடப்பட்ட உள்ளடக்கத்தில் இந்த மாற்றத்தைக் கையொப்பச் சரிபார்ப்புக்கு முன் செய்யக் கூடாது. எச்மேக் கையொப்பம் (இரு பக்கமும் அறிந்த ரகசியச் சாவியால் கணக்கிடுவது) பைட்டுகளுக்கு இடப்படுகிறது. வந்த ஜேசனைப் பகுத்து, மீண்டும் ஜேசனாக எழுதி, அதன் மீது கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரல், ஓர் இடைவெளி மாறினாலும் புலங்களின் வரிசை மாறினாலும் தோற்கும். வந்த பைட்டுகளை அப்படியே எடுத்து முதலில் சரிபார்த்து, பிறகே பகுக்க வேண்டும்.

இல்லாமை என்பதும் பல வகைப்படும். ஒரு புலம் வராமலே இருப்பது, வெறுமை மதிப்போடு வருவது, காலியான சரமாக வருவது ஆகிய மூன்றையும் சில மொழிகள் ஒன்றாகக் கருதும், சில வேறாகக் கருதும். பகுதித் திருத்தங்களுக்கான ஆர்எஃப்சி 7396-இன்படி, வராத புலம் "மாற்றாதே" என்றும் வெறுமை மதிப்பு "நீக்கிவிடு" என்றும் பொருள்படும். இவற்றைக் குழப்பினால் பயனரின் தகவல் அழியும். கோ மொழியில் ஒமிட்எம்ப்டி குறிப்பு இட்ட புலத்தில் 0 அல்லது பொய் என்ற மதிப்பு இருந்தால், அந்தப் புலமே வெளியீட்டில் மறைந்துவிடும். "அறிவிப்பு வேண்டாம்" என்று பயனர் தேர்ந்தது மற்றச் சேவைக்குத் தெரியவே தெரியாது. பிஎச்பி-யில் பெயர்-மதிப்பு இணைகளைக் கொண்ட அரே காலியாக இருந்தால், ஜேசனாக்கும்போது சுருள் அடைப்புக்குப் பதிலாகச் சதுர அடைப்பு வரும். தகவல் இருக்கும் நாளெல்லாம் ஒழுங்காக ஓடி, தகவல் இல்லாத முதல் பயனருக்கு மட்டும் உடையும் சேவைகளைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எதிர்பாராத புலங்கள். ஜாவாவின் ஜாக்சன் 2 லைப்ரரி, தனக்குத் தெரியாத புலம் வந்தால் இயல்பாகவே பிழை தரும்; ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட் அந்தக் கண்டிப்பைத் தளர்த்தி வைத்திருக்கிறது. ஆகவே ஒரே தகவலை ஸ்பிரிங் பூட் சேவை ஏற்று, தனியாக ஜாக்சனைப் பயன்படுத்தும் பழைய வேலைநிரல் மறுப்பதைக் காணலாம். அனுப்புவதில் கண்டிப்பாகவும் பெறுவதில் தாராளமாகவும் இருக்க வேண்டும் என்று இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1980-இல் ஆர்எஃப்சி 761-இல் எழுதியதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். தெரியாத புலத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதில் அந்தத் தாராளம் சரியானது. ஆனால் தவறான தேதியையும் பிழையான எண்ணையும் ஊகித்து ஏற்பதில் அது கேடு. அனுப்புபவர் தன் தவறை ஒருபோதும் அறியமாட்டார், பெறுபவர் அந்தத் தவறுக்கு என்றென்றும் இடம் தர வேண்டியதாகும். தெரிந்த புலத்தில் தவறான மதிப்பு வந்தால், எந்தப் புலம், என்ன எதிர்பார்க்கப்பட்டது என்ற விளக்கத்தோடு மறுத்துவிடுங்கள்.

படி 6: நேரத்தையும் மறுமுயற்சியையும் பாருங்கள்

எப்போதாவது மட்டும் தோன்றும் கோளாறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் இரு பக்கக் காத்திருப்பு நேரங்களின் முரண்பாடு. சும்மா இருக்கும் இணைப்பை நோட்.ஜேஎஸ் சர்வர் பல பதிப்புகளில் இயல்பாக 5 விநாடியில் மூடிவிடும்; முன்னால் நின்று கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் அமேசான் லோட் பேலன்சர் அதே இணைப்பை இயல்பாக 60 விநாடி வரை வைத்திருக்கும். மூடப்பட்ட இணைப்பில் லோட் பேலன்சர் கோரிக்கையை அனுப்பும் அந்த நொடிகளில் மட்டும் 502 வரும். பின்னால் உள்ள சேவையின் நேரத்தை முன்னால் உள்ளதைவிட அதிகமாக வைத்தால் இது நின்றுவிடும்.

அழைத்தவர் 5 விநாடியில் கைவிட்டு, அழைக்கப்பட்டவர் 8-ஆம் விநாடியில் வேலையை முடித்தால், மறுமுயற்சி அதே பில்லை இரண்டாம் முறை உருவாக்கும். ஒவ்வொரு செயலுக்கும் அழைப்பவரே ஒரு தனிச் சாவியை உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே சாவியை அனுப்ப வேண்டும். பெறுபவர் அந்தச் சாவியை முன்பே கண்டிருந்தால் பழைய முடிவையே திருப்பித் தர வேண்டும்.

படி 7: எந்தப் பக்கத்தில் திருத்துவது, எந்த வரிசையில் வெளியிடுவது

காரணம் தெரிந்த பிறகும் அவசரப்படக் கூடாது. ஒப்பந்த ஆவணம் இருந்து ஒரு பக்கம் அதை மீறியிருந்தால், அந்தப் பக்கமே திருந்த வேண்டும். ஆனால் மீறலையே நம்பி வேறு பல சேவைகள் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. போதிய அளவு பயனர்கள் சேர்ந்துவிட்டால், ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்று ஹைரம் ரைட் என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் விதி சொல்கிறது. திருத்துவதற்கு முன் லாகை (சேவையின் செயல்பதிவை) பார்த்து, யார் யார் அழைக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். மற்றப் பக்கம் வேறு நிறுவனத்துடையது, திருத்தவே முடியாது என்றால், மாற்றித் தரும் நிரலை உங்கள் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் எழுதுங்கள். பல கோப்புகளில் சிதறவிட்டால் அந்த நிறுவனத்தின் விசித்திரங்கள் உங்கள் நிரல் முழுவதும் பரவிவிடும்.

இரண்டு சேவைகளை ஒரே கணத்தில் மாற்ற முடியாது. வெளியீடு நடக்கும் நிமிடங்களில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சேர்ந்தே ஓடும்; கோளாறு வந்து பின்வாங்கினால் பழையது மீண்டும் உயிர்பெறும். ஆகவே எந்த மாற்றமும் பழையதும் புதியதும் ஒன்றாக வாழக்கூடியதாக இருக்க வேண்டும். பில்லிங் சேவையின் பதிலில் "தொகை" என்ற புலத்தை "மொத்தத்தொகை" என்று மாற்ற வேண்டும் என்று கொள்வோம். முதல் வெளியீட்டில் பில்லிங் சேவை இரண்டு புலங்களையும் அனுப்பட்டும். அடுத்து, அழைக்கும் சேவைகள் ஒவ்வொன்றாகப் புதிய புலத்தைப் படிக்கும்படி மாறட்டும். பழைய புலத்தை யாரும் படிப்பதில்லை என்று உறுதியான பிறகே அதை நீக்குங்கள். கோரிக்கையில் புதிய கட்டாயப் புலம் சேர்ப்பதாக இருந்தால் வரிசை வேறு: பெறும் சேவை அதை விருப்பப் புலமாக ஏற்கத் தொடங்க வேண்டும், பிறகு எல்லா அழைப்பவர்களும் அனுப்பத் தொடங்க வேண்டும், அந்தப் புலம் இல்லாத கோரிக்கை ஒன்றுகூட வரவில்லை என்று லாக் காட்டிய பிறகு அதைக் கட்டாயமாக்கலாம். சுருங்கச் சொன்னால், பழையதோடு புதியதையும் கையாளத் தெரிந்த நிரல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்த பின்பே, பழையதை நீக்கவோ புதியதைக் கட்டாயமாக்கவோ வேண்டும்.

செய்தி வரிசைகள் வழியாகப் பேசும் சேவைகளில் இந்த விதி இன்னும் கண்டிப்பானது, ஏனென்றால் பழைய வடிவில் எழுதிய செய்திகள் வரிசையிலேயே காத்துக் கிடக்கும். புரோட்டோபஃப் பயன்படுத்தினால், நீக்கிய புலத்தின் எண்ணை ஒதுக்கியதாக அறிவித்துவிடுங்கள்; அதே எண்ணை வேறு புலத்துக்குக் கொடுத்தால், பழைய தகவல் புதிய பொருளில் படிக்கப்படும். பட்டியலிடப்பட்ட மதிப்புகளில் ஒன்றைச் சேர்ப்பதுகூடச் சிறிய மாற்றம் அன்று. ஆர்டரின் நிலை மூன்றில் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல், நான்காவதைக் கண்டு நின்றுவிடலாம்.

படி 8: மீண்டும் உடையாமல் காத்தல்

கைப்பற்றிய தோல்விக் கோரிக்கையைத் தூக்கி எறியாமல், தனி விவரங்களை நீக்கிவிட்டுச் சோதனையாக மாற்றுங்கள். சேவையின் முகவரிகளையும் புலங்களையும் விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ விவரணை இருந்தால், உண்மையான பதில்கள் அதற்குப் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் தானாகச் சரிபார்க்கலாம். பாக்ட் போன்ற கருவியில், அழைக்கும் சேவை தனக்குத் தேவையான புலங்களை மட்டும் எழுதிவைக்கும். அழைக்கப்படும் சேவை தன் வெளியீட்டுக்கு முன் அந்த எதிர்பார்ப்புகள் அனைத்தையும் நிறைவேற்றிக் காட்ட வேண்டும். சோதனைத் தகவலில் தமிழ்ப் பெயர், 16 இலக்க அடையாள எண், காலிப் பட்டியல், பொய் மதிப்பு, கூட்டல் குறியுள்ள நேரம் ஆகியவற்றைக் கட்டாயம் சேருங்கள். மேலே கண்ட பிழைகளில் பல இந்த ஐந்திலேயே அகப்பட்டுவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாளத்தை இட்டு, அது கடந்து செல்லும் எல்லாச் சேவைகளும் தத்தம் லாகில் அதை எழுதும்படி செய்தால், அடுத்த முறை இரண்டாம் படிக்குச் செலவாகும் நேரம் வெகுவாகக் குறையும்.

பழைய வழியை மூடும் வேலை பாக்கியிருக்கும். 2019-இல் வெளியான ஆர்எஃப்சி 8594, ஒரு முகவரி எந்த நாளில் நிறுத்தப்படும் என்பதைப் பதிலிலேயே தெரிவிக்க சன்செட் என்ற ஹெட்டரை வரையறுக்கிறது. அதை அனுப்பத் தொடங்கி, அழைக்கும் குழுக்களுக்கு நேரிலும் தெரிவியுங்கள். அழைப்பு எதுவும் வரவில்லை என்று லாகைப் பார்த்து முடிவு செய்யும்போது ஒரு வாரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மாத இறுதியிலும் ஆண்டு இறுதியிலும் மட்டும் ஓடும் கணக்கு வேலைநிரல்கள் அந்த வாரத்தில் தென்படமாட்டா. நிலையாக மூடுவதற்கு முன், முன்னறிவிப்போடு குறுகிய நேரம் மூடித் திறப்பது நல்ல வழக்கம். கிட்ஹப் தன் ஏபிஐ-யில் கடவுச்சொல் வழி அங்கீகாரத்தை 2020-இல் நிறுத்தும்போது இவ்வாறே செய்தது. அந்தக் குறுகிய நேரத்தில் யாராவது உடைந்தால், அவர்களைத் தொடர்புகொண்டு மாற உதவிவிட்டு, மறுபடி ஒரு நாள் குறித்து மூடிப் பாருங்கள். ஒருவரும் உடையாத முறை வந்தபின் பழைய முகவரியில் 410 (நிலையாக நீக்கப்பட்டது) தரச் செய்து, அதன் நிரலையும் அதற்கான மாற்றி நிரலையும் ஒரே மாற்றத்தில் நீக்கிவிடலாம்.